விற்பனைக்கு வரும் வீடும் வாயில்லா ஜீவன்களும்

மும்பை நகரில் ஒரு குடும்பம் தன் சொந்த வீட்டை விற்பது என்பது வாழ்நாளில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை நிகழும் காரியம். அது மாட்டுங்காவில் பாட்டனார் காலத்து மூன்றாம் மாடி வீடாக இருக்கலாம். செம்பூரில் தந்தையார் தம் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வாங்கிய இரண்டு அறை வீடாக இருக்கலாம். எதுவாயினும், விற்பது என்று முடிவு செய்த மறுநாளே வீட்டார் காகிதங்களைத் தேடத் தொடங்குகிறார்கள். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ், பராமரிப்புக் கட்டண ரசீதுகள், சொத்துவரி ரசீது, சங்கத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம் என்று ஒரு கோப்பு தயாராகிறது. சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறான். தரகரிடம் சாவி ஒன்று போய்ச் சேருகிறது. இத்தனைக்கும் நடுவே, வாசற்படியில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் நாயைப் பற்றியோ, அலமாரியின் மேல் உறங்கும் பூனையைப் பற்றியோ நினைப்பவர் சிலரே. நினைத்தாலும், "வீடு பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் இதை எங்கே ஒளித்து வைப்பது?" என்ற அளவோடு அந்நினைப்பு நின்றுவிடுகிறது.

விற்பனைக்கு வீட்டை ஆயத்தம் செய்பவர் தம் கோப்பில் முதல் தாளாக வைக்கவேண்டியது அந்தப் பிராணியின் அடுத்த முகவரியே என்பது நம் கருத்து. மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதன் பின்னரே வரவேண்டும். இது இரக்கத்தின் பொருட்டுச் சொல்லும் வார்த்தை மட்டும் அன்று. விற்பனை சிக்கலின்றி முடிவதற்கும் இதுவே வழி என்பதைப் போகப்போகக் காண்போம்.

சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்குச் சொற்களின் மீது சற்றுக் கண் அதிகம். இந்தியில் கட்டடத்துக்கு 'மகான்' என்று ஒரு சொல்லும், குடியிருக்கும் இல்லத்துக்கு 'கர்' என்று வேறொரு சொல்லும் உண்டு. விற்கப்படுவது மகான், விட்டுப் பிரிவது கர். தமிழிலோ 'வீடு' என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. அச்சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர் இலக்கண அறிஞர். விடவேண்டியவற்றை விடுவது எளிதன்று. விடக்கூடாததை விட்டுவிடுவதோ மிக எளிது. வீடு விற்கும் காலத்தில் அந்த எளிய காரியம்தான் பல இடங்களில் நடந்துவிடுகிறது.

இந்நகரில் தமிழர் வாழும் மூன்று பகுதிகளை எடுத்துக்கொள்வோம். 1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவியதன் பின், 1898இல் நகர மேம்பாட்டு அறநிலையம் ஒன்று தோன்றியது. காற்றும் வெளிச்சமும் உள்ள அகன்ற தெருக்களை அது வடக்கே வகுத்தது. மாட்டுங்காவின் அமைப்பு அவ்வாறு பிறந்ததே. அங்குள்ள பழைய வீடுகளில் மொசைக் தரையும், தேக்குமரக் கதவும், பால்கனியும் இருக்கும். செம்பூரில் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்கள். அவற்றுள் பல இப்போது இடிக்கப்பட்டு உயரமான கோபுரங்களாக எழும்பி வருகின்றன. தாராவியோ முற்றிலும் வேறு உலகம். கோலிகளின் மீனவக் கிராமமாக இருந்த சதுப்பு நிலத்தில், சௌராஷ்டிரத்துக் குயவர்களும், தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த திருநெல்வேலிச் சீமைத் தமிழரும் குடியேறி வளர்த்த ஊர் அது. இரண்டு சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் பல லட்சம் மக்கள் வாழ்கிறார்கள்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரு நாய்க்கு எஜமானர் உண்டு. மாநகராட்சி உரிமம் உண்டு. தடுப்பூசிச் சீட்டு உண்டு. தாராவிச் சந்துகளில் பிராணிகள் பெரும்பாலும் வீட்டுக்கு உரியவை அல்ல, சந்துக்கு உரியவை. எலியின் தொல்லைக்காக ஒரு வீட்டார் பால் ஊற்றி வளர்த்த பூனை, நான்கு வீடுகளில் உண்டு ஐந்தாவது வீட்டுக் கூரையில் உறங்கும். சந்தின் நாய் எல்லாருடைய எச்சில் சோற்றிலும் வளரும். ஆடும் கோழியும் வாசலிலேயே கட்டிக் கிடக்கும். இப்படிப் பலருக்கும் சொந்தமான ஜீவன், எல்லாரும் இடம்பெயரும் நாளில் ஒருவருக்கும் சொந்தமில்லாததாய்ப் போய்விடுகிறது.

தாராவியில் இன்று இது கற்பனைக் கவலை அன்று. குடிசை மறுசீரமைப்புத் திட்டத்தில் கிடைக்கும் வீட்டைக் குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. ஆதலால் அங்கே விற்பனையைவிட இடமாற்றமே பெரிய நிகழ்ச்சி. தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச் மாதத்தில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. தகுதி பெற்றவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டம். தரையோடு தரையாக வாழ்ந்த குடும்பம் மின்தூக்கி வைத்த மாடிக்குப் போகும்போது, கட்டடத்துக்கு ஓர் எண் கிடைக்கிறது. குடும்பத்துக்கு ஓர் எண் கிடைக்கிறது. கூரையில் உறங்கிய பூனைக்கு எண் ஏது? அதன் எண்ணை நாமே எழுதினால்தான் உண்டு.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பது. நம் வீட்டில் எத்தனை ஜீவன்கள், அவற்றுள் எவை நம்மோடு வரும், எவை வேறு கைக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதவேண்டும். போகவிருக்கும் கட்டடத்தின் விதிகளை முன்கூட்டியே கேட்டறிவது உசிதம். நாய் வளர்ப்பதையே தடை செய்யச் சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்று இந்தியப் பிராணி நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்புகள் கூறுகின்றன. பெரும்பான்மை வாக்கெடுத்தும் அவ்வாறு தடுக்க இயலாது. எனினும், விதியைக் கையில் வைத்துக்கொண்டு புது வீட்டின் முதல் நாளே சண்டையோடு நுழைவதைவிட, செயலாளரை ஒருமுறை சந்தித்துத் தடுப்பூசிச் சீட்டைக் காட்டிவிட்டு வருவது நன்மை தரும்.

ஆடும் கோழியும் மாடி வீட்டுக்கு வாரா. அவற்றை வளர்க்க மனமும் இடமும் உள்ளவரிடம் நேரில் பார்த்து ஒப்படைக்கவேண்டும். கடைசி வாரத்தில் அவசரமாக விற்றால் அவை எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கூண்டுக்கிளியைப் பற்றி ஒரு சொல். நம் வீடுகளில் பச்சைக்கிளி வளர்க்கும் பழக்கம் தொன்றுதொட்டு வந்தது. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். வீடு காலி செய்யும் நாளில் கூண்டைத் திறந்து பறக்க விடுவதைப் புண்ணியம் என்று எண்ணுவோர் உளர். பல ஆண்டுகள் கூண்டில் இருந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடமிருந்து தப்பவும் தெரியாது. அதை வனத்துறையினரிடம் சேர்ப்பதே முறை.

சந்துப் பூனைக்கும் சந்து நாய்க்கும் வேறு ஏற்பாடு வேண்டும். இதுவரை சோறு வைத்தவர் போகிறார் என்றால், இருக்கப்போகிறவர் ஒருவரிடம் அப்பொறுப்பைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஒரு மாதம் முன்னதாகவே இருவருமாகச் சேர்ந்து சோறு வைத்தால் அந்த ஜீவன் புதியவரைப் பழகிக்கொள்ளும். கருத்தடையும் தடுப்பூசியும் செய்யாதிருந்தால் அதற்கும் அதுவே தக்க தருணம்.

பிராணிகளைப் பற்றிய கவலை இந்நகருக்குப் புதிதன்று. 1832ஆம் ஆண்டு தெருநாய்களைக் கொல்ல அரசு வெகுமதி அறிவித்தபோது, பரிசுக்கு ஆசைப்பட்டவர்கள் வீட்டு நாய்களையும் பிடிக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. பார்சி மக்கள் கொதித்தெழுந்தனர், கடைகள் மூடப்பட்டன, பெருங்கலகம் மூண்டது. அதன் பின் 1834இல் ஜம்சேட்ஜி ஜீஜீபாயும் பிறரும் புலேஷ்வரில் பாஞ்சராபோல் என்னும் பிராணிகள் காப்பகத்தை நிறுவினர். பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் மிருக வைத்தியசாலை 1883இல் ஏற்பட்டது.

தமிழருக்கும் இதில் பங்கு உண்டு. மாநிலங்களவைக்கு 1952இல் நியமிக்கப்பட்ட ருக்மணி தேவி அருண்டேல் அம்மையார் பிராணிவதைத் தடுப்புக்காகத் தனி மசோதா கொண்டுவந்து பேசினார். அந்த முயற்சியின் விளைவாகவே 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்புற நேரும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிட்டுச் செல்வதைக் கொடுமை என்றே வகைப்படுத்துகிறது. முதற் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது என்பது உண்மை. அதனால் குற்றம் சிறியது என்று ஆகிவிடாது, தண்டனைதான் சிறியது.

பிராணியின் முகவரி முடிவான பின், வீட்டைத் துப்புரவு செய்யும் வேலைக்கு வருவோம். வீடு பார்க்க வருபவர் கதவு திறந்தவுடன் முதலில் உணர்வது வாசனையை. வீட்டுக்காரருக்கோ அது தெரியாது. நாள்தோறும் முகரும் வாசனையை மூக்கு பொருட்படுத்தாமல் விட்டுவிடும் இயல்புடையது. எனவே பிராணி வளர்க்காத நண்பர் ஒருவரை அழைத்து, ஒளிவு மறைவின்றிச் சொல்லுமாறு கேட்பது நல்லது. இதில் பருவமும் கவனிக்கத்தக்கது. மே மாத வெயிலில் உலர்ந்து மறைந்திருந்த நாற்றம், ஜூனில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் மீண்டும் கிளம்பும். கோடையில் வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்தவர், மழையில் குடியேறி முகம் சுளிக்க நேரிடும்.

பூனையின் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரைவதில்லை. எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் அது மொசைக் தரையின் இணைப்புகளிலும் சுவரின் அடிப்பகுதியிலும் தங்கிவிடுகிறது. இதற்கெனவே நொதிகள் கலந்த துப்புரவுத் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. கறைபட்ட இடத்தில் அவற்றை ஊற்றிச் சில மணி நேரம் ஊறவிட்டு, தானாக உலரவிடவேண்டும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் மொசைக்கில் பதிந்த சலவைக்கல் சில்லுகளை அரித்துவிடும். அவற்றைத் தவிர்ப்பது நலம். சிறுநீர் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவுவதும் ஆகாது. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து அது நச்சு வாயுவை உண்டாக்கும்.

நம் வீடுகளில் துப்புரவு என்றாலே பினாயில்தான். விற்பனைக்கு முன் வீடெங்கும் அதைத் தாராளமாக ஊற்றிக் கழுவுவது வழக்கம். பூனை வளர்ப்பவர் இங்கே நிதானிக்கவேண்டும். பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. கழுவிய தரையில் நடந்து, பிறகு தன் பாதத்தை நக்கும் பூனை, அந்த நஞ்சைத் தானே உண்கிறது. அலமாரியில் போடும் அந்துருண்டையும் நாய், பூனை இரண்டுக்கும் விஷமே. வீட்டுக்கு வர்ணம் பூசும் நாள்களில் கூண்டுப் பறவைகளை உறவினர் வீட்டில் விட்டுவைக்கவேண்டும். பறவையின் சுவாசம் புகையையும் நெடியையும் தாங்காது.

உண்ணிகளும் தெள்ளுப்பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள். தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு ஆளில்லா வீட்டின் தரையிடுக்கில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். புதியவர் குடியேறிக் காலடி அதிர்வு கேட்டதும் வெளிவந்து கடிக்கத் தொடங்கும். ஆதலால் சாவியைக் கொடுக்கும் முன்பே, கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி பிராணிக்கும், பூச்சி ஒழிப்போரைக் கொண்டு வீட்டுக்கும் ஒரே காலத்தில் மருந்திடவேண்டும். நாய்க்கென விற்கும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உண்டு. அது பூனையைக் கொல்லவல்லது. இரண்டையும் வளர்ப்பவர் மருந்துச் சீட்டைப் படிக்காமல் கை வைக்கலாகாது. பூனை கீறிய தேக்குக் கதவையும் நாய் பிறாண்டிய நிலைப்படியையும் தச்சரைக் கொண்டு இழைத்து மெருகேற்றிவிட்டால் அந்த வேலை முடிந்தது.

இனி வீடு பார்க்க வரும் நாள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், தரகர் ஒரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு வருவார். குழந்தைகள் இருப்பார்கள், நாய்க்கு அஞ்சும் முதியவர் இருப்பார்கள். எத்தனை சாதுவான நாயும், அறிமுகமில்லாதவர் நால்வர் தன் வீட்டு அறைகளைத் திறந்து பார்ப்பதைக் கண்டால் கலங்கும். அதை மாடிப்படியில் கட்டிவைப்பது தவறு. குரைப்புச் சத்தமே வருபவரை வரவேற்கும். வீட்டாரில் ஒருவர் அந்த நேரத்தில் அதை வெளியே நடத்திக்கொண்டு போவது நல்லது. பூனையை ஒரு சிறிய அறையில், அதன் தண்ணீரும் மண்தட்டும் உடன் வைத்து மூடிவிடவேண்டும். "உள்ளே பூனை இருக்கிறது, திறக்கவேண்டாம்" என்று கதவில் எழுதி ஒட்டுவதற்கு வெட்கப்படவேண்டியதில்லை. திறந்த வாசலின் வழியே நழுவி ஓடிய பூனை, மாடிக் கட்டடத்தில் தன் கதவு எது என்று தெரியாமல் தவிக்கும்.

மறைப்பதற்கும் ஒதுக்கி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே வலியுறுத்த விரும்புகிறோம். பிராணியை ஒதுக்கி வைப்பது மரியாதை. வருபவருக்கும் மரியாதை, அதற்கும் மரியாதை. நாற்றத்தை ஊதுவத்தியால் மறைப்பதும், கறையின் மேல் கம்பளம் விரிப்பதும் வேறு வகை. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டறிய இயலாத முக்கியக் குறைகளை விற்பவரே வெளிப்படுத்தவேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55ஆம் பிரிவில் விதித்துள்ள நெறி. கேட்பவரிடம், "ஆம், இங்கே எட்டு ஆண்டு ஒரு நாய் இருந்தது, இன்ன இடத்தில் தரையைப் புதுப்பித்தோம், இன்ன தேதியில் மருந்திட்டோம்" என்று ரசீதைக் காட்டிச் சொல்பவரின் வார்த்தையை, மற்ற விஷயங்களிலும் வாங்குபவர் நம்புவார். பத்தாயிரம் ரூபாய் வர்ணம் பெற்றுத்தராத நம்பிக்கையை அந்த ஒரு வாக்கியம் பெற்றுத்தரும்.

பத்திரம் பதிவாகி, சாமான் ஏற்றும் லாரி வந்து நிற்கும் நாள்தான் மிக ஆபத்தான நாள். கதவுகள் திறந்தே கிடக்கும். கூலியாட்கள் வருவதும் போவதுமாய் இருப்பர். அன்று காலையில் முதல் வேலையாகப் பூனையைக் கூடையில் இட்டுப் பத்திரமான அறையில் வைக்கவேண்டும். லாரி போன பின் கடைசியாக அதைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். நாயின் பழைய விரிப்பைத் துவைக்காமல் கொண்டுபோவது நல்லது. புது வீட்டில் அதற்குத் தெரிந்த வாசனை அது ஒன்றே. நாய் பெரும்பாலும் மனிதரைப் பற்றிக்கொள்கிறது. பூனையோ மனிதரோடு இடத்தையும் சேர்த்தே பற்றிக்கொள்கிறது. ஆகவே புது வீட்டில் பூனையை இரண்டு மூன்று வாரமேனும் வெளியே விடாமல் வைக்கவேண்டும். உயர்ந்த மாடியானால் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை கட்டியபின் குடிபுகுவது அவசியம்.

நாம் அறிந்த தாராவிக் குடும்பம் ஒன்று, சந்தை விட்டு நடந்துபோகும் தொலைவிலேயே வேறு வீட்டுக்குக் குடிபோயிற்று. பூனையை மூன்றாம் நாளே வெளியே விட்டார்கள். அது திரும்பவில்லை. பழைய சந்தின் காய்கறிக்காரர்தான் வந்து சொன்னார்: "அண்ணாச்சி, ஒங்க பூன பழய வாசல்லயே வந்து ஒக்காந்திருக்கு. பூட்டின கதவப் பாத்துக்கிட்டே இருக்கு." அண்ணாச்சி போய் எடுத்து வந்தார். மறுபடியும் போயிற்று, மறுபடியும் எடுத்து வந்தார். இம்முறை ஒரு மாதம் உள்ளேயே வைத்திருந்தார்கள். அதன் பின் போகவில்லை. பழைய வாசல் அப்போது இன்னும் நின்றுகொண்டிருந்தது. அண்டை வீட்டார் இருந்தனர். சொல்வதற்கு ஒருவர் இருந்தார்.

வருங்காலத்தில் ஒரு சந்து முழுவதுமே ஒரே மாதத்தில் காலியாகக் கூடும். செம்பூரில் மறுகட்டுமானத்துக்குப் போகும் கட்டடத்தில் அனைவரும் ஒருங்கே வெளியேறுகிறார்கள். அங்கே திரும்பி வரும் பூனைக்கு இருப்பது தகர வேலியும் செங்கல் குவியலுமே. "உன் வீட்டார் இன்ன இடத்துக்குப் போயிருக்கிறார்கள்" என்று அதற்குச் சொல்ல எவரும் இல்லை. சொன்னாலும் அதற்குப் புரியப்போவதில்லை. நாம் கையெழுத்திட்ட தாள்களில் எதையும் அது படித்ததில்லை. தன் சம்மதமின்றியே அதன் உலகம் கைமாறிவிட்டது. அந்தச் சம்மதத்தின் இடத்தில் நம் பொறுப்பு நிற்கவேண்டும்.

நேயர்களில் எவரேனும் இவ்வாண்டில் வீட்டை விற்க எண்ணியிருந்தால், தரகரை அழைப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்கள் பெயரை எழுதுங்கள். அவர்களோடு நாயின் பெயரையும் பூனையின் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, போகுமிடம் எது என்று குறியுங்கள். ஒரு பெயருக்கு எதிரேயும் இடம் வெறுமையாக இல்லாதபோது, உங்கள் வீடு விற்பனைக்கு ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம்.